மூன்றாம் அத்தையின் கடைசி வசனம்

சேர்மன் லுவோ முதலில் தைப்பே நகரத்துக் கம்ப்யூட்டர் மாஜாங்கின் தந்தையாக மட்டும்தான் இருந்தார். அழைப்பிதழின் முதல் பிரதி அப்படித்தான் சொன்னது. திருத்திய பிரதியில் தைவான் முழுவதற்கும் தந்தையானார். செக்ரட்டரி வெய் நேரில் கொண்டுவந்து நீட்டியது மூன்றாவது பிரதி. அதற்குள் கிழக்காசியா முழுவதும் அவர் பிள்ளையாகியிருந்தது.

ஜியென் வென்ருய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் படித்தார். வயது அறுபத்தொன்று. பதினான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றின் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து, வருகிற பார்சல்களை வாங்கி வைத்து, உரியவர் வந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பது அவர் வேலை. இருபத்தேழு வருடங்களுக்கு முன் லுவோவின் கம்பெனியில் 'பக்கத்து வீட்டு மாஜாங்' என்ற விளையாட்டை, நாலு பேர் உட்கார்ந்து காய் எடுத்து ஆடும் சீன ஆட்டத்தின் கம்ப்யூட்டர் வடிவத்தை, உட்கார்ந்து எழுதியவரும் அவர்தான். அழைப்பிதழில் அந்தச் செய்திக்கு இடம் போதவில்லை.

"நாலாவது பிரதியில ஆசியா முழுக்கவா?" என்று கேட்டார்.

"போட்டிருப்பாரு. எழுத்தச் சின்னதாக்கணும்னு அச்சகத்துல சொன்னாங்க. அவருக்கு மனசு வரல," என்றார் வெய். சேர்மனிடம் பத்தொன்பது வருடம் காலம் தள்ளியவர். எதைச் சொன்னாலும் முகம் அசையாது.

விஷயம் இதுதான். வரும் சனிக்கிழமை பெரிய அரங்கத்தில் விழா. கலாசாரத் துறைத் துணை அமைச்சர் வருகிறார். மேடையில் அந்த விளையாட்டை ஓடவிட்டு அவர் கையால் ஒரு ஆட்டம் ஆடவைக்க வேண்டும் என்பது சேர்மனின் ஆசை.

"ஓட மாட்டேங்குது அண்ணே. மூணு கம்பெனிக்காரங்க வந்து பாத்துட்டாங்க. புது மெஷின்ல போட்டா திட்டுது."

"திட்டுதா?"

"'திருடனே'ன்னு ஆரம்பிக்குது. துணை அமைச்சர் முன்னாடி அப்படி வந்தா, விஷயம் தெரிஞ்சுதான் போட்டிருக்கோம்னு நெனச்சுக்குவாங்க."

வெய் பையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். கசங்காத அசல் பெட்டி. அந்த விளையாட்டின் அசல் சிடி இன்று உலகத்தில் இந்த ஒன்றுதான், சேர்மன் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருந்தது, விழா முடிந்ததும் பளிங்கு போன்ற ஒரு பிளாஸ்டிக் கட்டிக்குள் வைத்து வார்த்து அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்றார்.

"வார்த்துட்டா அப்புறம் வெளிய எடுக்க முடியாதே?"

"எடுக்கக் கூடாதுன்னுதான் வார்க்கிறாங்க."

முடியாது என்று சொல்லத்தான் ஜியென் வாயைத் திறந்திருந்தார். இருபத்தேழு வருடத்துக்கு முந்தைய சம்பளப் பாக்கி முதல் சொல்லிக்காட்ட ஏராளமாக இருந்தது. பெட்டி அட்டையில் படமாக இருந்த மூன்றாம் அத்தை, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்றார்.

அந்த விளையாட்டில் மூன்று பேர் கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்து உங்களோடு ஆடுவார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மீன் கடைக்காரர், மூன்றாம் அத்தை. சும்மா ஆட மாட்டார்கள், வாயடிப்பார்கள். நடிகர்களைக் கூப்பிட லுவோவுக்கு மனம் வரவில்லை. ஆபீசில் சம்பளம் வாங்குகிற வாய்கள் சும்மாதானே கிடக்கின்றன என்றார். தலைமையாசிரியருக்கு வேன் டிரைவர் குரல் கொடுத்தார். மூன்றாம் அத்தைக்கு, டெலிபோன் எடுக்கும் சியூமான்.

சியூமானுக்கு அப்போது இருபத்தேழு வயது. தெற்கே யுன்லின் மாவட்டத்துப் பெண். போனில் அவள் வணக்கம் சொன்னாலே, ஒரு பாட்டம் திட்டி முடித்துவிட்டு மூச்சு வாங்குகிற மாதிரி இருக்கும். சாமான் அறைச் சுவர்களில் ரஜாய்களைத் தொங்கவிட்டு, ஏசிச் சத்தம் பதிவாகிவிடும் என்று அதையும் நிறுத்திவிட்டு, ஜூலை மாதப் புழுக்கத்தில் அவளும் ஜியெனும் நாலு நாள் உட்கார்ந்து பதிந்தார்கள். "எரும குளத்துல எறங்குற வேகத்துல காய எடுக்குறியே, நான் என்ன தூங்கிட்டு வரவா?" "அந்தக் காயக் கீழ போடுய்யா, என்னமோ மாமனார் வீட்டு நகை மாதிரி பொத்தி வச்சிருக்க." அவர் எழுதிக் கொடுத்தது பாதி, அவளாகச் சேர்த்தது பாதி.

கடைசி வசனம் எட்டுப் பூவுக்கு. மாஜாங்கில் பூப் போட்ட காய்கள் எட்டு. எட்டும் ஒருவர் கைக்கே வந்துவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது, அவருக்குத்தான் வெற்றி. ஆயுள் முழுக்க ஆடினவர்களைக் கேட்டாலும் ஒரு தடவை வந்தது என்பார்கள், அதுவும் பாதிப் பேர் பொய் சொல்வார்கள். யாருக்கும் வராத ஆட்டத்துக்கு என்னத்தை எழுதுவது என்று ஜியென் அந்த இடத்தை வெறுமனே விட்டிருந்தார்.

"இதுக்கு ஏதாவது சொல்லி வை."

"ஏதாவதுதான?"

"ஏதாவது."

"அப்ப நீ வெளிய போ."

போனார். கதவுக்கு உள்பக்கமும் ரஜாய். ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்தபோது அவள் முகம் சிவந்திருந்தது, புழுக்கம் என்று நினைத்துக்கொண்டார். "நீ ஃபைலத் தெறந்து கேட்டன்னா பாரு. ஆடி, எட்டுப் பூ எடுத்து, அப்புறம் கேக்கணும்," என்றாள்.

இங்கேதான் ஜியென் வென்ருய்யின் குணம் குறுக்கே வந்து படுத்துக்கொண்டது. ஆபீசில் அவருக்கு நேர்மையானவர் என்று பெயர். மற்றவர்கள் மறந்துவிடாதபடி அவரும் அவ்வப்போது நினைவுபடுத்தி வந்தார். அந்த ஃபைலைத் திறந்து கேட்க அரை நிமிடம் போதும். திறக்கவில்லை. சோதனை பார்ப்பவர்களுக்காக அவரே வைத்த ரகசிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால் எட்டுப் பூவும் தானாக வந்து விழும். அதுவும் அழுத்தவில்லை. ஆடினார். ஐந்து மாதம் தினமும் ஆடினார். ஒரு தடவை ஏழு பூ வந்தது. புத்தாண்டு விடுமுறைக்கு ஊருக்குப் போன சியூமான், ஹூவெய் என்ற ஊரில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்வதாகவும் வேலையை விடுவதாகவும் ஆபீசுக்குப் போன் செய்து சொன்னாள். போன் எடுக்கிற ஆளே ஊருக்குப் போயிருந்ததால், எடுத்தது ஜியென்தான்.

அப்புறம் லுவோ கம்பெனியை மூடிவிட்டுக் கட்டட வியாபாரத்துக்குப் போனார். விளையாட்டை எழுதிய கோப்புகளும் குரல் நாடாக்களும், காலி செய்த ஆபீசோடு குப்பை லாரி ஏறின. ஜியெனிடம் இருந்த சிடியில் தைப்பே ஈரத்துக்குப் பூசணம் படர்ந்தது. இணையத்தில் தேடினால் விளையாட்டு கிடைக்கும், ஆனால் ஊமையாக. மூன்றாம் அத்தை கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாயை மட்டும் அசைப்பாள்.

சியூமான் எங்கே இருக்கிறாள் என்று தெரியாமல் இல்லை. பழைய ஆபீஸ்காரர்கள் போனில் வைத்திருந்த லைன் செயலிக் குழுவில் தினமும் காலை ஆறு மணிக்குத் தாமரைப் பூப் படம் ஒன்றை அனுப்புவாள். 'காலை வணக்கம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று அதன்மேல் எழுதியிருக்கும். ஜியென் பதிலுக்கு ஒரு கட்டைவிரலை அனுப்புவார். ஏழு வருடமாக இருவருக்கும் நடுவில் நடந்துவரும் பேச்சு இவ்வளவே. அன்றைக்கு என்ன சொன்னாய் என்று அவளையே கேட்டுவிடலாம் என்ற யோசனை தினமும் ஆறு மணிக்கு வரும். கட்டைவிரல் போனதும் அதுவும் போய்விடும்.

இப்போது அந்தக் குரல் மேசைமேல், அட்டைப்பெட்டிக்குள் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் கேட்டால் உண்டு.

வீட்டில் இரண்டு நாள் மல்லுக்கட்டினார். அந்த விளையாட்டு விண்டோஸ் 98-க்காக எழுதியது. மகனின் பழைய லேப்டாப்புக்குள் அந்தக் கிழட்டு விண்டோஸை ஒரு பொய்க் கம்ப்யூட்டராக ஓடவைத்து, வெளியிலிருந்து ஒரு சிடி டிரைவை மாட்டி, சிடியைப் போட்டார். கறுப்புக் கட்டத்துக்குள் வெள்ளை எழுத்துகள் வந்தன.

'திருடனே, நில். ஒரு படைப்பாளியின் வியர்வையைத் திருடிய கையால் நீ எப்படிச் சோறு உண்பாய்? உன்னைப் பெற்றவளின் முகத்தை ஒருகணம் நினைத்துப் பார்.'

எழுதியது அவர்தான். முப்பத்துநான்கு வயதில், இலக்கியம் என்று நினைத்து எழுதினார். அறுபத்தொரு வயதில் பனியனோடும் நூடுல்ஸ் கிண்ணத்தோடும் உட்கார்ந்து அதைப் படித்தபோது அம்மாவின் முகம் நினைவுக்கு வரத்தான் செய்தது.

அவர் போட்ட பூட்டு அப்படி. அசல் சிடியில் வேண்டுமென்றே ஓரிடத்தில் ஒரு பழுது வைத்திருந்தார். அந்தக் காலத்து டிரைவ் அங்கே வந்ததும் இரண்டு விநாடி திணறும். எவ்வளவு திணறியது என்பதை அளந்து, அந்த அளவையே சாவியாக்கித்தான் கலைத்துப் போட்ட குரல்களை விளையாட்டு வரிசைப்படுத்தும். இந்தக் காலத்து டிரைவ் திணறுவதே இல்லை. பழுதைப் பார்த்ததும் தாண்டிக்கொண்டு போய்விடுகிறது. அசல் சிடி உள்ளே இருக்க, விளையாட்டு அதைத் திருட்டு என்றது. யாராலும் உடைக்க முடியாத பூட்டு என்று அப்போது சொல்லிக்கொண்டு திரிந்தார். இப்போதுதான் அது நிஜமாகவே யாராலும் உடைக்க முடியாததாகிவிட்டது. பூட்டுக்கு வெளியே நின்றவர் அவரே.

வியாழக்கிழமை லியாவைத் தேடிப் போனார்.

லியாவ் அந்தக் காலத்தில் மேம்பாலத்துக்குக் கீழே கம்ப்யூட்டர் சந்தையில் மடக்கு மேசை போட்டு, ஒரே சிடிக்குள் நாற்பது விளையாட்டுகளைத் திணித்து விற்றவன். போலீஸ் வந்தால் மேசையை மடக்கிக்கொண்டு டாக்சியில் ஏறிவிடுவான். இப்போது அதே வட்டாரத்தில் மூன்றாவது மாடியில் பழைய உதிரிபாகக் கடை. சுவரில் வியாபாரிகள் சங்கத்தின் நன்னடத்தைச் சான்றிதழ் சட்டம் போட்டுத் தொங்குகிறது.

"வாங்க பூட்டுக்காரரே," என்றான். "கேள்விப்பட்டேன். சாவியத் தொலச்சிட்டீங்களாம்."

"விண்டோஸ் 98 மெஷின் ஒண்ணு வேணும். ஜெராக்ஸ் எடுத்த மாதிரி வேணாம். நிஜமானது, அந்தக் காலத்து டிரைவோட."

"இருக்கு. மூணு இருக்கு. ஒரு பேக்டரில பழைய தறிக்கு இன்னும் அதான் வேணும்னு கேக்குறாங்க, அதனால வச்சிருக்கேன்." உள்ளேயிருந்து மஞ்சள் ஏறிப்போன பெட்டி ஒன்றைத் தூக்கிவந்து வைத்தான். "உங்க பூட்ட நான் ஒடைச்சேனே, ஞாபகம் இருக்கா? எவ்ளோ நேரம் ஆச்சுன்னு சொல்லவா?"

"வேணாம்."

"சோறு வாங்கிட்டு வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். அவன் வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு."

"நீ பூட்ட ஒடைக்கல. குரலப் பூராத் தூக்கி எறிஞ்சிட்டு, பூட்டு இல்லாத பாதிய வித்த. அதனாலதான் இன்னைக்கு ஊர் உலகத்துல இருக்கிற எல்லாமே ஊமையாக் கெடக்கு."

"பின்ன? வெளையாட்டு இத்துனூண்டு, பேச்சு அத்தாம் பெருசு. அந்தப் பொம்பள திட்டுறத வச்சா மத்த முப்பத்தொம்பதுக்கு எங்க போறது? தொறந்ததும் உங்க மொதலாளி மூஞ்சி வரும், வணக்கம் வணக்கம்னு ரெண்டு நிமிஷப் படம். அதையும் வெட்டினேன். அதுக்கே எனக்கு ஒரு மெடல் குடுத்திருக்கணும்."

"அது வெறும் திட்டு இல்ல," என்றார் ஜியென். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

லியாவ் அவரை ஏற இறங்கப் பார்த்தான். ஒரு துணியை எடுத்துப் பெட்டிமேல் இருந்த தூசியைத் துடைத்தான்.

"சனிக்கிழமை நானே கொண்டாறேன்," என்றான். "இதுக்கு எந்த எடத்துல தட்டணும்னு உங்களுக்குத் தெரியாது."

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அரங்கத்து வாசலில் தகவல் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் அவர்களை நிறுத்தினார். கழுத்தில் அட்டை, கையில் பலகையும் படிவமும்.

"இயங்குதளம்?"

"விண்டோஸ் 98."

"கம்பெனி ஆதரவு எதுவரைக்கும்?"

"ரெண்டாயிரத்து ஆறு."

அதிகாரி படிவத்திலிருந்து பேனாவை எடுத்துவிட்டார். "அப்ப பத்தொன்பது வருஷமா ஓட்டைகள அடைக்கல. நகராட்சிக் கட்டடத்துக்குள்ள ஆதரவு இல்லாத இயங்குதளம் வரக் கூடாது. வரணும்னா, பாதுகாப்புத் திருத்தம் தொடர்ந்து தருவோம்னு கம்பெனிகிட்ட கடுதாசி வாங்கிட்டு வாங்க."

"இத நெட்ல மாட்டவே போறதில்ல சார். மாட்டணும்னாலும் இதுல ஓட்டை இல்ல," என்றான் லியாவ். "இப்ப இருக்கிற வைரஸ் எதுக்கும் இவ்ளோ பழசுல ஓடத் தெரியாது."

"கம்ப்யூட்டர்னா கடுதாசி வேணும்."

"கம்ப்யூட்டர் இல்லன்னா?" என்று கேட்டார் வெய்.

அதிகாரி படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். மனிதர் கெட்டவர் இல்லை, கட்டம் நிரம்பினால் போதும் அவருக்கு. கடைசியில் அந்த மெஷின் 'மேடை அலங்காரம், பூச்செண்டு மற்றும் இதர' என்ற தலைப்பின் கீழ் உள்ளே போனது. தண்ணீர் ஊற்றக் கூடாது என்று ஒரு சீட்டும் ஒட்டினார்கள்.

மேடையில் இன்னொரு தகராறு. மெஷின் மக்கர் பண்ணாமல் இருக்கத் தலையில் வைப்பதற்குச் சேர்மன் ஆபீசிலிருந்தே குவாய்க்குவாய் என்ற நொறுக்குத்தீனிப் பொட்டலம் வாங்கி வந்திருந்தார்கள், 'சமர்த்தாக இரு' என்று அர்த்தம். மஞ்சள் பொட்டலம். லியாவ் அதைப் பாம்பைத் தள்ளுவது போல ஒரு விரலால் தள்ளினான்.

"பச்சைதான் வைக்கணும்னு சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும். மஞ்சள வச்சா நின்னுரும். யாரு வாங்கினது?"

"சேர்மன். மஞ்சள் ராஜா கலர்ன்னாரு," என்றார் வெய்.

லியாவ் தன் பையிலிருந்து பச்சைப் பொட்டலம் ஒன்றை எடுத்து, காலாவதித் தேதியை இரண்டு தடவை பார்த்து, பெட்டிமேல் வைத்தான். பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினான். மெஷின் இருமிவிட்டு எழுந்தது.

ஜியென் சிடியைப் போட்டார். டிரைவ் சுழன்றது, முனகியது, பழுது வைத்த இடத்தில் வந்து நின்று திணறியது. ஒன்று, இரண்டு. திருடனே என்று அது சொல்லவில்லை. பதிலாக, தலை நிறையக் கறுப்பு முடியோடு லுவோ திரையில் வந்தார். "வணக்கம். எதிர்காலத்துக்கு உங்களை வரவேற்கிறேன்." இரண்டு நிமிடம் முழுசாகப் பேசினார். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அதை நிறுத்த முடியாது, அப்படித்தான் எழுதச் சொல்லியிருந்தார். அரங்கத்து ஒலிக்காரர் ஏற்கெனவே ஒயரைப் பெரிய ஸ்பீக்கர்களில் சொருகியிருந்ததால் எதிர்காலம் மூலைமுடுக்கெல்லாம் எதிரொலித்தது. அப்புறம் நாலு பேர் மேசை விரிந்தது. ஜியென் முதல் காயைத் தொட்டதும், காலியாகக் கிடந்த ஆயிரம் நாற்காலிகளுக்கு மேல் சியூமானின் குரல் விழுந்தது.

"எரும குளத்துல எறங்குற வேகத்துல காய எடுக்குறியே, நான் என்ன தூங்கிட்டு வரவா?"

நாற்காலிக்கு உறை மாட்டிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். ஜியென் ஒரு ஆட்டத்தை ஒழுங்காகக் கடைசிவரை ஆடினார், தோற்றார். அத்தை ஏசினாள். நேர்மை என்பது வயதும் நேரமும் கையில் இருக்கும்போது கட்டுப்படியாகிற சமாசாரம். அடுத்த ஆட்டத்தில் சோதனை விசைகளைச் சேர்த்து அழுத்தினார்.

எட்டுப் பூக்கள் வரிசையாக வந்து இறங்கின. ஸ்பீக்கரில் முதலில் ஒரு மூச்சு கேட்டது. ரஜாய் போட்ட அறையின் அடைத்த அமைதி. பிறகு அவள், திட்டுகிற குரலில் இல்லை, சாதாரணமாக, அவர் பெயரைச் செல்லமாகச் சுருக்கி.

"ஆருய், எட்டும் வந்துடுச்சா? கதவச் சாத்து. நான் வந்து—"

அவ்வளவுதான். மேசை மறுபடி விரிந்து அடுத்த ஆட்டத்துக்குக் காயைக் கலைத்தது.

ஜியென் இன்னொரு தடவை அழுத்தினார். ஆருய், எட்டும் வந்துடுச்சா, கதவச் சாத்து, நான் வந்து. இன்னொரு தடவை. அதே இடம்.

"சிடி போயிடுச்சா?" என்று கேட்டான் லியாவ்.

"இல்ல." அவருக்கு அதற்குள் எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டிருந்தது. "நாலு விநாடி."

"என்ன நாலு விநாடி?"

"கடேசி வாரத்துல சிடி கொள்ளல. லுவோவோட வரவேற்புப் படத்துக்கு எடம் வேணும்னாங்க. நாலு விநாடிக்கு மேல போற பேச்சையெல்லாம் அங்கேயே நறுக்குற மாதிரி ஒரு சின்ன புரோகிராம் எழுதி ஓடவிட்டேன். எத நறுக்குதுன்னு பாக்கல. ஃபைலத் தெறந்து கேக்கக் கூடாதுன்னு அவ சொல்லியிருந்தா, இல்லையா?"

லியாவ் பெட்டிமேல் சாய்ந்திருந்த பச்சைப் பொட்டலத்தை நேராக்கி வைத்தான். "நானாவது ஒரேயடியா எறிஞ்சேன்," என்றான் பிறகு. அவன் குரலில் கேலி இல்லை.

அப்போதுதான் சேர்மன் லுவோ பக்கவாட்டிலிருந்து மேடையேறி வந்தார். முகத்தில் பாதி மேக்கப், கழுத்தைச் சுற்றித் துண்டு. "அருமை, அருமை. என் விளையாட்டு பேசுது. வாசல் வரைக்கும் கேட்டுது. கடேசியா வந்துதே, அந்தப் பூ எட்டும், அதையே துணை அமைச்சருக்குப் போட்டுடலாம். மங்களமா இருக்கும். ஆமா, அதுல யாரு அது ஆருய்?"

"இவர்தான், சேர்மன்," என்றார் வெய், ஜியெனைக் காட்டி.

லுவோ ஜியெனைப் பார்த்தார். அழைப்பிதழில் இல்லாத ஒரு பெயர் ஆயிரம் பேர் முன்னால் ஸ்பீக்கரில் வந்தால் என்னென்ன கேள்விகள் எழும் என்பது அவர் முகத்தில் பாதி மேக்கப்பையும் தாண்டித் தெரிந்தது.

"அந்த எடத்துல என் பேர் வர்ற மாதிரி மாத்த முடியாதா?"

"கதவச் சாத்தச் சொல்லுது அந்தப் பொண்ணு," என்றான் லியாவ். "உங்கள வச்சுக்கிட்டு எதுக்குய்யா கதவச் சாத்தணும்?"

"யார் இவர்?"

"பூச்செண்டோட வந்தவர்," என்றார் வெய். "சேர்மன், மேக்கப் காயுது, வாங்க," என்று அவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். திரைக்குப் பின்னால் போகும்போது திரும்பி, கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். துணை அமைச்சர் இரண்டு மணிக்கு. இப்போது ஒன்று.

ஜியென் போனை எடுத்தார். குழுவில் அன்று காலை வந்த தாமரைக்குக் கீழே அவருடைய கட்டைவிரல் இருந்தது. சியூமானின் பெயரைத் தொட்டு, இதுவரை தொடாத பச்சைப் பொத்தானைத் தொட்டார். நாலாவது மணியில் எடுத்தாள். பின்னால் இரும்புக் குழாய்கள் உருளும் சத்தம்.

"ஹலோ, எத்தன இஞ்ச் வேணும்?"

"சியூமான். நான் ஜியென். ஜியென் வென்ருய்."

குழாய்ச் சத்தம் தூரமானது. எங்கோ நகர்ந்து போகிறாள். "யாரு செத்தா?" என்றாள்.

"யாரும் சாகல."

"அப்புறம் எதுக்குப் போன் பண்ற? என் உசிரே போச்சு."

"எட்டுப் பூ வந்துது."

அந்தப் பக்கம் யாரோ ஒரு ஆண், யாரும்மா போன்ல என்று கேட்டார். பழைய ஆபீஸ், என்று அவள் சொல்வது கேட்டது. ஒரு கதவு மூடியது.

"இப்பவா வந்துது?"

"வரல. வரவச்சேன். திருட்டு ஆட்டம்."

"அத அன்னைக்கே செஞ்சிருக்க வேண்டியதுதான, மரமண்டை. நீ ஒரு வாரத்துல தெறந்து கேட்டுருவன்னு நெனச்சேன். எந்த ஆம்பளையா இருந்தாலும் கேட்டிருப்பான்."

ஜியென், தான் ஐந்து மாதம் உட்கார்ந்து ஆடியதைச் சொல்லலாமா என்று பார்த்தார். அது இப்போது பெருமைப்படுகிற விஷயமாகத் தெரியவில்லை.

"முழுசாக் கேக்கல," என்றார். "'நான் வந்து'ன்னு சொல்ற எடத்துல நின்னுடுது. நான்தான் வெட்டியிருக்கேன், தெரியாம. அதுக்கப்புறம் என்ன சொன்ன?"

போனில் மூச்சு கேட்டது, ஸ்பீக்கரில் கேட்ட அதே மூச்சு.

"நெஜமாவே ஞாபகம் இல்ல ஆருய்," என்றாள். "மழுப்பறேன்னு நெனைக்காத. அந்த ரூம் ஞாபகம் இருக்கு. ரஜாய்ல பூச்சி உருண்ட வாசனை ஞாபகம் இருக்கு. வெளிய வந்து சொவத்தப் புடிச்சுக்கிட்டு நின்னேன். என்னத்தச் சொன்னேன், அது வரல. எழுதிக்கிட்டா சொன்னேன்? வாயில வந்தது."

"பரவால்ல."

"எப்படிப் பரவால்ல? சொன்னவளுக்கும் தெரியாது, கேட்டவனுக்கும் தெரியாது." கொஞ்சம் சிரித்தாள். "அதப் போடு, கேக்கறேன்."

ஜியென் போனை ஸ்பீக்கர் பக்கம் நீட்டினார். லியாவ் எழுந்து ஒலிக்காரரிடம் போய்ச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னான், அப்படியே அங்கேயே நின்றுகொண்டான். பூக்கள் இறங்கின. ஆருய், எட்டும் வந்துடுச்சா, கதவச் சாத்து, நான் வந்து.

"அய்ய," என்றாள் சியூமான். "இவ்ளோ சின்னக் குரலா எனக்கு?"

"ஆமா."

"இன்னொரு தடவ."

போட்டார். அவள் கேட்காமலே மறுபடி போட்டார். மேடையின் கீழ்ப்பக்கம் மலர்வளையங்கள் வந்து இறங்கத் தொடங்கியிருந்தன. கிழக்காசியக் கம்ப்யூட்டர் மாஜாங்கின் தந்தைக்கு வாழ்த்துகள் என்று ஒவ்வொன்றிலும் தொங்கியது. ஓரத்தில் பளிங்கு வார்க்கிற கம்பெனியின் ஆள் ஒருவன், கையுறை போட்டுக்கொண்டு, சிறு பெட்டியோடு காத்திருந்தான்.

"நான் வந்து," என்று போனில் சியூமான் மெல்லச் சொல்லிப் பார்த்தாள், அந்தப் பெண் விட்ட இடத்தில் தானே நுழைந்து பார்ப்பவள் போல. "நான் வந்து..." அதற்கு மேல் அவளுக்கும் போகவில்லை. "என்னமோ நெருக்கத்துல வர்ற மாதிரி இருக்கு. விடாதே. போடு."

கையுறைக்காரன் மேடைக்கு ஏறிவந்து, சார், நேரமாச்சு, விழா தொடங்கும் முன் சிடியை ஒரு தடவை எடுத்துத் துடைத்துவிட வேண்டும் என்றான்.

"இருப்பா," என்றார் ஜியென். விசைகளை அழுத்தினார். எட்டுப் பூவும் மறுபடி இறங்கத் தொடங்கின.